புள்ளி வைக்காத பிரதி

மூன்று குறுநாவல்கள். நூற்றெண்பது பிரதிகள்.
கறுப்புத் துணி அட்டை, சிவப்பு நூல் தையல்,
ஒவ்வொன்றுக்கும் எண், ஒவ்வொன்றுக்கும் பெட்டி.
முன்பதிவில் பதின்மூன்றாம் எண்ணுக்குப்
பதினோரு பேர் சண்டை.
நான்கை மட்டும் யாரும் கேட்கவில்லை.

எழுதிய குணாளன் செம்பவாங்கில்
லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.
பேயை நம்பாதவர்.
நடுநிசியில் யாரும் அழைக்காமல்
பன்னிரண்டாம் மாடிக்கு ஏறும் லிஃப்டுக்குக்
காரணம் சென்சர் என்பார்.
பிறகு அதையே நூறு பக்கம் எழுதி
நம் தூக்கத்தைக் கெடுப்பார்.

படங்கள் அத்திக்கா.
கோட்டை வேண்டாம், வௌவால் வேண்டாம் என்றாள்.
இந்த ஊரில் எந்தக் கட்டடம்
பாழாகும்வரை நிற்கிறது?
பேய் குடிவரத் தேதி பார்ப்பதற்குள்
என்பிளாக்கில் விற்றுவிடுவார்கள்.
ஆகவே அவள் வரைந்தது
மூங்கில் கழியில் இரண்டு வாரமாகச் சொட்டும்
ஒரு பள்ளிச் சீருடை.
வீட்டு வாசலில் காலணி அடுக்கு.
அதில் ஒரு ஜோடி அதிகம்.
அந்த அதிகமான ஜோடிக்கே மூன்று நாள் எடுத்தாள்,
இப்போதுதான் கழற்றியது போன்ற சூடு
கோட்டில் வரவில்லை என்று.

கடைசிப் பக்கம் முழுக் கறுப்பு.
நடுவில் வெள்ளையாக ஒரே வரி:
உள்ளே யாரும் இல்லை.

காக்கி புக்கிட் அச்சகத்தில், வெள்ளி மாலை,
சியோக் வா தாளைத் தூக்கி
கைபேசி வெளிச்சத்தில் காட்டினார்.
கறுப்பில் தூசி விழுந்தால் மானம் போகும்,
உன் எழுத்துகள்மேல் மூன்று தூசி இருந்தது,
பிளேட்டிலேயே அழித்துவிட்டேன் என்றார்.
குரலில் பெருமை.

உளளே யாரும இலலை.

எப்படிச் சொல்வது அவரிடம்?
அங்கிள், அது தூசியல்ல.
எங்கள் மொழியில் புள்ளி வைத்த எழுத்து வெறும் உடம்பு.
மெய் என்போம்.
புள்ளியை எடுத்தால்
அதற்குள் உயிர் வந்துவிடும்.

அவர் தாளிலிருந்து கையை எடுத்தார்.
சட்டையில் துடைத்துக்கொண்டார்.
மறுபடி அச்சடிக்கிறேன், காசு வேண்டாம் என்றார்.
ஆனால் அந்தத் தாள் தீர்ந்துவிட்டது.
அடுத்த கப்பல் ஆறு வாரம்.
வெளியீடு அடுத்த சனி.

பிராஸ் பாசாவில் வெள்ளைப் பேனா ஒரு டஜன்.
ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தில் குளிர்சாதனம் கிடையாது.
மை காய மறுத்தது.
மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தோம்,
ள் மேல் ஒன்று, ம் மேல் ஒன்று, ல் மேல் ஒன்று.
தமிழ் தெரியாத அத்திக்கா
கண்ணுக்குப் பாவை வைப்பதுபோல் வைத்தாள்.
நான் மூடியை அழுத்துவதுபோல் வைத்தேன்.
தொண்ணூறாவது பிரதியில் மழை.
நூற்றிருபதில் அவள் கேட்டாள்,
இதுவரை எத்தனை பேரை உள்ளே தள்ளியிருப்போம்?
நான் சிரிக்கவில்லை. கழுத்து வலி.

ஐநூற்று முப்பத்தேழு புள்ளிகள்.
நான்காம் எண்ணை மட்டும் விட்டோம்.
எப்படியும் வாங்க ஆளில்லை,
ஒன்றாவது திறந்திருக்கட்டுமே என்றாள்.

'கையால் வைத்த புள்ளிகள்' என்று அறிவித்து
விலையில் இருபது வெள்ளி கூட்டினேன்.
வெட்கம்தான். ஆனால் விற்றது.
நான்காவதைக் குணாளன் கேட்டு வாங்கினார்,
அச்சுப்பிழைக்குப் பயப்படுகிற வயதா எனக்கு என்று
ஃபேர்பிரைஸ் பையில் போட்டுக்கொண்டு.

புதன் இரவு, ஒன்றே காலுக்கு, அழைத்தார்.
புள்ளி இல்லை என்றீர்களே,
மூன்றும் இருக்கிறதே.
குரலில் பயமில்லை,
கோளாறு எங்கே என்று தேடும் குரல்.
பெருவிரலில் ஒட்டுகிறது, என்றார்.
இன்னும் காயவில்லை.

பேனாக்கள் பன்னிரண்டும் என் மேசையில்தான் இருந்தன.
இரண்டுமுறை எண்ணினேன்.
சென்சராக இருக்கும், என்றேன்.