முரண்பட்ட பிரதி

எட்டு நாற்பதுக்குக் கணினியைத் திறந்தால்
முதலில் எழுந்து நிற்பது அந்தச் சிவப்புப் பலகை:
இத்தளத்துக்கு அனுமதி இல்லை.
கிளவுட் என்று பெயர் சொன்ன எதையும்
உள்ளே விடாது எங்கள் வங்கி.
பெண்டிரைவைச் செருகினாலோ
கீழ்மாடியில் ஹஃபிஸின் திரை மின்னும்.
அவன் படியேறி வந்து, மூச்சு வாங்கி,
"காக், தோலோங்லா" என்பான். அவ்வளவுதான்.
அதட்டியிருந்தால்கூடத் தேவலை.

நூற்றுப் பதினேழு கடவுச்சொற்கள் எனக்கு.
பாதி, கப்பல் கம்பெனிகளின் வாசல்களுக்கு;
அறுபது நாளுக்கொருமுறை மாற்றச் சொல்வார்கள்,
பழையதன் சாயல் இருந்தால் ஏற்கமாட்டார்கள்.
மீதி, என் வீட்டுக்கும் உடம்புக்கும்:
மின்சாரம், கிளினிக், மகனின் பள்ளி, சாலைக்கட்டணம்.
எல்லாவற்றையும் ஒரே கோப்பில் பூட்டி
அந்தப் பூட்டுக்கு ஒரு சொல் வைத்திருக்கிறேன்.
அதை வாயால் சொன்னதில்லை.
கேட்டால் எனக்கே தெரியாது,
விரல்களுக்குத்தான் தெரியும்.

மூன்று பாரம், இரண்டு கையெழுத்துக்குப் பின்
செயலியை மட்டும் அனுமதித்தார்கள்.
கோப்பை அனுமதிக்கவில்லை.
ஆகவே வீட்டு மடிக்கணினியில் ஒரு பிரதி,
லெபோ பந்தாய் மேசையில் ஒரு பிரதி,
நடுவில் கைப்பேசியில் இன்னொன்று.
ஏழு ஐம்பது ஃபெரியில்
பட்டர்வொர்த்திலிருந்து அது என்னோடு கடல் கடக்கும்.
அக்கரை சேர்ந்து, மேசையில் உட்கார்ந்து,
இடக்கையில் பார்த்து வலக்கையால் அடிப்பேன்.
இருபது எழுத்து.
ஒன்றா, சின்ன எல்லா?
பூஜ்யமா, பெரிய ஓவா?
மூன்று முறை தவறினால் கதவு சாத்திக்கொள்ளும்.

பக்கத்து மேசை சியூ லிங்
விசைப்பலகையைத் தூக்கி மஞ்சள் காகிதத்தைக் காட்டுவாள்:
மகள் பெயர், ஒன்று இரண்டு மூன்று.
இருபது வருடமாய் அவளுக்கு ஒன்றும் நேர்ந்ததில்லை.
நான் சிரிப்பேன்.
வெளியே கொடிமலையின் தலையில்
யாரும் தடுக்காத மேகம்.

செப்டம்பர் கடைசியில் ஹஃபிஸுக்கே பொறுக்கவில்லை.
மேலதிகாரியிடம் பேசி
ஒரே ஒருமுறை, தன் கண் முன்னால்,
பிரதிகளை இணைக்க வழி திறந்தான்.
நீலக் கோடு ஊர்ந்து முடிந்தது.
நூற்று முப்பத்தொன்று என்றது திரை.

பதினான்கு எங்கிருந்து வந்தன?

வீட்டில் நீக்கியவை.
நீதிமன்றத்திலிருந்து திரும்பிய இரவு
ஒவ்வொன்றாய்த் தேடி அழித்தவை.
மேசைப் பிரதிக்கு யாரும் சேதி சொல்லவில்லை.
ஒருத்திக்குத் தெரியாமல்
இன்னொருத்தி இத்தனை நாளும்
அவருக்குச் சம்சாரமாய் இருந்திருக்கிறாள்.

தனபாலன், கூட்டுக்கணக்கு.
தனபாலன், கார் காப்புறுதி.
ஆயர் ஈத்தாம் வீடு, தண்ணீர்.

"எல்லாம் சரியா, காக்?"
சரி என்றேன்.

மதியம் சாப்பிடப் போகவில்லை.
தண்ணீரை மட்டும் திறந்து பார்த்தேன்.
மாற்றவில்லை அவர்.
நான் வைத்த அதே இருபது எழுத்து.
இந்த மாதம் ஆறு வெள்ளி நாற்பது காசு.
மூன்று பேர் குளித்துத் துவைத்த காலத்தில்
முப்பதுக்குக் குறைந்ததில்லை.
அவர் அங்கே இருக்கிறாரா,
இல்லை குழாய்தான் தானாகச் சொட்டுகிறதா?
இரண்டு மாத நிலுவை வேறு.
கட்டவில்லை.
கட்டலாம் என்று தோன்றியது,
அதையும் எழுதிவிடுகிறேன்.

ஐந்தே முக்கால் ஃபெரி.
மோட்டார்சைக்கிள்களுக்குப் பின்னால் நின்றபடி
கைப்பேசியில் பதின்மூன்றை அழித்தேன்.
பதினான்காவதில் விரல் நின்றது.
பிறகு அதையும்.

நாளைக் காலை மேசைப் பிரதியில்
பதினான்கும் அப்படியே இருக்கும்.
அங்கே போய் அழிக்க ஒரு நிமிடம் போதும்.
ஹஃபிஸ் மறுபடி வழி திறக்கப்போவதில்லை,
நானும் கேட்கப்போவதில்லை,
அடுத்த அறுபது நாளைக்காவது.