ஏழாவது பாட்டில் ஒரு வரி இல்லை

உள்துறைமுக வீதியில், மூடிக்கிடந்த ஐஸ் கொம்பனிக்குள்
பதிவு செய்தோம்.
தடித்த சுவர். போகாத மீன் வாடை.
மைக் ஒன்றுதான், கயிற்றில் தொங்கியது.
முறை வந்தவர் ஓரடி முன்னே வரவேண்டும்,
முடிந்ததும் தோளைச் சரித்து விலகவேண்டும்.
இடிபடாமல் இதைப் பழக
மூன்று மாதம் பிடித்தது.

பான்ஜோ பர்த்தலோட்டினுடையது.
கடல் ஊருக்குள் ஏறிய வருஷம்
கிணறு இறைக்க வந்த வெள்ளைக்காரன் விட்டுப்போனது,
ஒரு கசெட்டும் கூட.
தோல் கிழிந்தபோது பர்த்தலோட் அதை
பாலையூற்றில் ரபான் கட்டுகிறவரிடம் கொண்டுபோனார்.
அன்றிலிருந்து அதன் குரலில்
கல்யாண வீட்டுக் கஃப்ரிஞ்ஞா கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

வயலின் மெரிட்டா,
கோயில் பாடகர் குழுவோடு சண்டைபிடித்து வந்தவள்.
மண்டலின் நான்.
கிட்டாரும் உச்சக்குரலும் இராக்கப்பன்.
இதே கொம்பனியில் பதினோரு வருஷம்
ஐஸ்கட்டி இழுத்தவர்.

"நீலப்புல் இசை எண்டா, அது என்ன புல்லு?"
மெரிட்டாவின் மகன் கேட்டான்.
"டச்சுக்குடாவில முக்குளிச்சுப் பார்,
ஆமை மேயுது" என்றார் பர்த்தலோட்.

மலைப்பாட்டு ஏழு, கர்த்தருக்கு ஐந்து.
மெட்டு அவர்களுடையது மாதிரி, சொல் எங்களுடையது.
மலையென்று எனக்குத் தெரிந்ததெல்லாம்
கடலுக்குள் முகத்தை நீட்டி நிற்கும் கோணமலையும்
சைக்கிளில் ஏறினால் மூச்சு வாங்கும் ஓர்ஸ்ஹில்லும்தான்.
ஆனாலும் கூச்சமில்லாமல் எழுதினேன்:
மூடுபனி, சுரங்கம், பள்ளத்தாக்கில் ஒற்றை விளக்கு.
ஏழாவது பாட்டின் கடைசி வரி
மலை கூப்பிடுது, வாறன் அம்மா, வாறன்.

இராக்கப்பன் ஓரடி முன்னே வந்தார்.
வாய் திறந்தது.
விரல்கள் மட்டும் வாசித்தன.

திரும்ப எடுத்தோம், திரும்பவும் அதே இடம்.
மூன்றாம் தடவை பர்த்தலோட் நிறுத்தினார்.
"என்னடாப்பா, தொண்டையா?"

"கூப்பிடலியே" என்றார் இராக்கப்பன்.

பிறகு, கிட்டாரின் கழுத்தைத் துடைத்தபடி:
"லொறியில ஏத்தி அனுப்புச்சு.
எனக்கு ஏழு வயசு, எழுபத்தேழாம் வருஷம்.
வீடு எரியிறப்ப எங்கம்மா எடுத்தது
கொழுந்துக்கூடை ஒண்ணுதான்.
வழி முழுக்க மடியில கவுத்து வச்சிருந்திச்சு.
திருக்கோணமலையில தேயில எங்க இருக்கு?"

"அப்ப வரியை மாத்துவம்" என்றேன்.
"வேணாம். வரி நல்லாத்தான் இருக்கு.
நான் பாடல, அவ்வளவுதான்."

நாலாம் தடவை நாங்கள் நிறுத்தவில்லை.
வரி வருகிற இடத்தில் அவர் முன்னே வந்தார்,
மைக்குக்கு முகத்தைக் கொடுத்து நின்றார்,
வரி போனதும் விலகினார்.
அந்த இடைவெளியில்
வாசல் தகரத்தை ஒரு மான் நக்குகிற சத்தம்
பதிந்துவிட்டது.

எட்டாவது, கர்த்தருடையது,
ஆற்றைக் கடந்து அக்கரை சேர்கிற பாட்டு.
அதை அவர் பாடியபோது
மெரிட்டா தன் முறையை மறந்து நின்றாள்.

நூறு தட்டு அடித்தோம்.
பாலையூற்றுச் சந்திக் கடைக்கார ஒக்கஸ்
மறுநாளே கொண்டுவந்தார்:
"ஏழாவதில சத்தம் விழுகுது, தட்டுப் பழுது."
பர்த்தலோட் மறுபேச்சில்லாமல்
வேறொன்று எடுத்துக் கொடுத்தார்.

அதையும் கொண்டுவந்தார்.