நட்சத்திரத்துக்கு வலப்புறம்

கீழ்த்தளத்தில் நிட்டிங் மெஷின்கள்
இரண்டாம் ஷிப்ட்டை இன்னும் முடிக்கவில்லை.
மேசையில் டம்ளர் நடுங்குகிறது,
அதற்குள் ஆறிப்போன டீயும்.
திரையில் ஒரே சிவப்பு வரி:
அனுப்பும் வழியில் அடைமொழி கழன்றுபோகிறது.

எங்கே கழன்றது?
வரியின் தலையிலேயே போட்டிருக்கிறேனே,
எவரும் தொடாதபடி: கான்ஸ்ட்.
பிறகு சரத்தின் வகை, பிறகு நட்சத்திரக் குறி,
கடைசியில், ஷேடு மாறினால் ஊருக்குச் சொல்லும் பெயர்.

கோகுலன் எழுதிய ஆப் இது.
சாயப்பட்டறையில் ஐபேடைத் துணிமேல் பிடித்தால்
நிறத்தின் எண்ணைச் சொல்லும்.
அவன் பெங்களூர் போய் நான்கு வருஷம்.
"புது மொழிக்கெல்லாம் மாத்த வேண்டாமுங்க,
ஓடுற வண்டி ஓடட்டும்" என்கிறார் சென்னியப்பன்.
நாளைக் காலை பையர் வருகிறார்.
வண்டி ஓடவில்லை.

ஒன்பதரைக்கு எல்லாம் துடைத்து மறுபடி பில்டு.
பத்துக்கு மேக்கை அணைத்து எழுப்பினேன்.
பத்தேகாலுக்கு, வெட்கத்தை விட்டு,
காஸ்ட் போட்டு அதன் வாயை அடைக்கப் பார்த்தேன்.
ஓரிடத்தில் அடங்கியது.
பதினேழு இடத்தில் கத்தியது.

பிரசாந்தினி ஹெல்மெட்டோடு எட்டிப் பார்த்தாள்.
"வாங்கக்கா. பழைய பஸ் ஸ்டாண்ட் பேக்கரி
பதினொண்ணுக்குச் சாத்திருவாங்க."

தேங்காய் பன்னைப் பிட்டபடி போர்டைப் பார்த்தேன்.
பழைய பஸ் ஸ்டாண்ட் பேக்கரி.
எது பழையது?
பேக்கரிக்கு ஆறு மாசம், பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை.
பஸ் ஸ்டாண்டோ? அதை இடித்துப்
புதிதாய்க் கட்டியாகிவிட்டது.
எது மாறினாலும் அந்தப் பக்கமே
கைகாட்டிக்கொண்டு நிற்கிறது பெயர்.

பன் வாய்க்குப் போகாமல் நின்றது.
தமிழில் அடைமொழி முன்னால் வந்து உட்காரும்;
எதைப் பிடித்திருக்கிறதென்று
கேட்பவர் பார்த்துக்கொள்வார்.
கம்பைலருக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.
நட்சத்திரத்துக்கு இடப்புறம் எழுதினால்
சுட்டப்படும் பொருள் மாறாதது.
வலப்புறம் எழுதினால்
சுட்டும் விரல் மாறாதது.
நானோ பஸ் ஸ்டாண்டைக் கயிற்றால் கட்டிவிட்டுக்
கைகாட்டியை ஆணியடிக்காமல் விட்டிருக்கிறேன்.
அதுவும் அந்தச் சரம் பிறவியிலேயே மாறாதது.
மைல்கல்லிடம் போய்
நகரமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

"என்னக்கா, பன்னு நல்லால்லியா?"
"வலப்பக்கம்" என்றேன்.
அவள் வலப்பக்கம் திரும்பினாள்.
அங்கே ஒரு நாய், ரஸ்க்குக்குக் காத்துக்கொண்டு.

திரும்பி வந்து ஒரு சொல்லை
ஒரு குறிக்கு அந்தாண்டை நகர்த்தினேன்,
ஹெடரிலும் நினைவாய்.
பதினேழும் அவிந்தன.
புதிதாய் ஒன்று முளைத்தது, நூற்றுப்பத்தாம் வரியில்:
மாறாததற்கு வேறு மதிப்பு வைக்கிறாய்.

அப்படியானால் இத்தனை நாளும்
யாரோ கைகாட்டியைத் திருப்பியிருக்கிறார்கள்,
அவிநாசி போகிறவரைப் பல்லடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.
கோகுலனைத் திட்ட வாயெடுத்து
யார் எழுதிய வரியென்று பார்த்தேன்.
போன தை மாசம். நான்.

அழித்தேன். பில்டு ஓடியது.
பச்சை டிக்கைப் பார்க்க யாருமில்லை.

கீழே ஆட்டோ.
"எங்கீங்க போகோணும்?"
"பழைய பஸ் ஸ்டாண்ட்."
"ஏறுங்க" என்றார்,
எது பழையதென்று கேட்காமல்.