இன்னும் ஏறாதவர்கள்

பதினேழு வருஷமாகக் கரும்பலகைக்கு மேலே
தொங்குகிறது அந்த அட்டை.
ரோஸ் நிறம். ஓரம் சுருண்டுவிட்டது.
பாட்மாஸ் என்று ஆறு ஆங்கில எழுத்து.
ஒருமுறை ஜன்னலேறி வந்த குரங்கு
யாருடைய ரொட்டியையோ பறித்த வேகத்தில்
அதன் மூலையையும் கிழித்துக்கொண்டு போனது.
செல்லோடேப் ஒட்டி மறுபடி மாட்டினேன்.
அவ்வளவு நம்பிக்கை.

அடைப்புக்குறி முதலில் என்பேன்.
சாட்ஸ்வர்த்தில் அதை விளக்குவது சுலபம்:
திருடர் பயத்துக்கு ஜன்னல்தோறும் கம்பி,
கேட்டுக்குள் இன்னொரு கேட்.
உள்ளே உள்ள வேலையை முடித்துவிட்டு
வெளியே வா.
அப்புறம் பந்திக்கு முந்துகிறவர்கள்,
வகுத்தலும் பெருக்கலும்.
அப்புறம் கூட்டல்.
எல்லோருக்கும் பின்னால், வாலாக, கழித்தல்.
அட்டையில் அப்படித்தான் இருக்கிறது.
எனக்கும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள்,
அடிவாங்கிப் படித்ததை
யார் சந்தேகப்படுவார்கள்?

செவ்வாய்க்கிழமை. ஐந்தாம் வகுப்பு.
மின்வெட்டு, மின்விசிறி நின்றுவிட்டது.
12 − 5 + 4 என்று எழுதினேன்.
"கூட்டல் முதலில். ஐந்தும் நாலும் ஒன்பது.
பன்னிரண்டில் ஒன்பது போனால்?"
முப்பத்தெட்டுப் பேர் மூன்று என்று எழுதினார்கள்.
ஸ்தெம்பிலே எழுதவில்லை.
பென்சிலின் பின்பக்கத்தை மென்றுகொண்டே கேட்டாள்:
"மிஸ், இது டாக்ஸிதானே?"

எந்த டாக்ஸி?

"எங்க மாமா வண்டி. பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க.
ஆஸ்பத்திரி ஸ்டாப்ல அஞ்சு பேர் இறங்கறாங்க.
நாலு பேர் ஏறறாங்க.
நீங்க மூணு பேர்தான் மிச்சம்னு சொல்றீங்க."

வகுப்பு சிரித்தது.
விதி என்றேன் நான். அட்டையைக் காட்டினேன்.
அவள் அட்டையைப் பார்க்கவேயில்லை.
"இன்னும் ஏறாத நாலு பேர்
எப்படி மிஸ் இறங்குவாங்க?"

கையில் சாக்பீஸ் உடைந்தது என்று எழுதினால்
கவிதைக்கு நன்றாக இருக்கும்.
உடையவில்லை.
மணி அடிக்கப் பதினொரு நிமிஷம் இருந்தது.
நாளைக்குச் சொல்றேன் என்றேன்,
டீச்சர்கள் சொல்லும் பொய்களில்
மிகப் பழைய பொய்.

ராத்திரி மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு பார்த்தேன்.
கூட்டலும் கழித்தலும் ஒரே படியாம்.
இடப்பக்கமிருந்து யார் முதலில் வருகிறாரோ
அவருக்கு முதல் இலை.
வகுத்தல் பெருக்கலும் அதே மாதிரி.
ஒரு சொல்லாகக் கோக்க வேண்டியிருந்ததால்
யாராவது ஒருவர் பின்னால் நிற்க நேர்ந்தது,
அவ்வளவுதான் விஷயம்.
அதை நான் சாதியாக்கிவிட்டேன்.

எத்தனை சிவப்புக் கோடுகள்?
பதினேழைப் பெருக்கத் தொடங்கி
பாதியில் விட்டேன்.
கேஷ்லன் பெருமாள் ஞாபகத்துக்கு வந்தான்.
ஒன்பது என்று எழுதியிருந்தான்.
நான் அடித்தேன்.
தாள் கிழியும்வரை ரப்பரால் தேய்த்து
ஓட்டையின் பக்கத்தில் மூன்று என்று எழுதினான்.
இப்போது ஹிக்கின்சன் சாலையோரம் டயர் கடையில் இருக்கிறான்.
போன மாதம் என் காருக்குப் பஞ்சர் ஒட்டி
மீதிச் சில்லறையை எண்ணித் தந்தான்.
சரியாக இருந்தது.
மிஸ் என்றுதான் கூப்பிட்டான்.

புதன்கிழமை அட்டையைக் கழற்றினேன்.
சுவரில் அது இருந்த இடம் மட்டும்
பெயின்ட் அடித்த அன்றைய நிறத்தில் இருந்தது.
நேற்று நான் சொன்னது தப்பு என்றேன்.
அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்,
மூன்று நொடி.

பன்னிரண்டு நாற்காலியை இரண்டிரண்டாகப் போட்டோம்.
ஸ்தெம்பிலே டிரைவர்.
குரங்குகள் கூரையில் ஓடும் சத்தத்தை
மழை என்று வைத்துக்கொண்டு
வைப்பர் போட்டாள்.
ஆஸ்பத்திரி ஸ்டாப்.
ஐந்து பேர் இறங்கினார்கள், ஒருவன் காசு கொடுக்காமல்.
நாலு பேர் ஏறினார்கள்.
எண்ணச் சொல்லாமலே எண்ணினார்கள்.

நானும் கை காட்டினேன்.
கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு
வண்டியை நிறுத்தினாள்.
"மிஸ், முன்னாடி இடமில்லை.
பின்னால தள்ளி உட்காருங்க."