பின் சக்கரம்

கெமியில் அக்டோபர் முடியும்போது
நாலு மணிக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிடும்.
நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு
காரின் பின்பக்கம் குந்தியிருக்கிறேன்.
நாளை காலை பத்து மணிக்கு மேல்
இந்தக் கார் என்னுடையது இல்லை.
வீடு எனக்கு, கார் தாபானிக்கு,
பெப்பி ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் ரோவனியெமியில்:
கையெழுத்துப் போட்டாயிற்று.

"அவன் கார், அவன் பிரேக். உனக்கென்ன வந்தது?"
பிஸ்டன் திருகியை இரவல் தந்த
மேல்வீட்டு உர்மாஸ் கேட்டான்.
பதிலுக்கு விளக்கைப் பின் இருக்கைமேல் திருப்பினேன்.
சிவப்புக் கையுறை ஒன்று. ஒற்றை.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் மேலே போனான்.

முன் சக்கரங்களுக்குப் பூர்ச்சக் கட்டைகளை அண்டைகொடுத்து
கை பிரேக்கை விடுவித்து
தூக்குவதற்கு முன்பே நட்டுகளை இளக்கி,
இதெல்லாம் எளிது.
ஆறு குளிர்காலத்துச் சாலை உப்பு
காலிப்பர் போல்ட்டில் குடியிருந்தது.
எண்ணெய் விட்டேன். காத்திருந்தேன். திட்டினேன்.
ஸ்பானர்மேல் ஏறி நின்றேன்.
ஒரு சத்தம்.
போல்ட் உடைந்ததென்றே நினைத்தேன். இல்லை, இளகியிருந்தது.

காலிப்பரை அதன் குழாயில் தொங்கவிடக் கூடாது.
பெப்பிக்குச் சிறிதாகிப்போன ஸ்கேட்டின் நாடாவை அவிழ்த்து
சுருள்வில்லோடு கட்டிவைத்தேன்.

வெளிப் பட்டை பாதிகூடத் தேயவில்லை.
சக்கரத்தின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்து
"இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்று
நாங்கள் இருவருமே சொன்ன பட்டை.
உள்பட்டையில் ஒன்றுமே மிச்சமில்லை.
இரும்பு இரும்பை உழுதிருந்தது.
நகரவேண்டிய ஊசி துருவில் இறுகிப்போக
சுமை முழுவதும் யாரும் பார்க்காத பக்கத்தில் விழுந்திருக்கிறது.

அதில் நான் எந்தப் பட்டை என்று யோசிக்கத் தொடங்கி
விட்டுவிட்டேன்.
தாபானியைக் கேட்டாலும்
உள்பட்டை தான்தான் என்பான்.

முன் சக்கரத்துப் பிஸ்டன் அமுக்கினால் உள்ளே போய்விடும்.
பின் சக்கரத்துக்கு அந்தச் சமாதானம் போதாது.
கை பிரேக்கின் மரை உள்ளே இருக்கிறது.
அமுக்கவும் வேண்டும், திருகவும் வேண்டும்
இரண்டையும் ஒரே சமயத்தில்.
இது தெரியாமல் இடுக்கியை வைத்து
அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன்.
தெரிந்த பிறகு
கால் சுற்று, கால் சுற்று என்று
முனகாமல் உள்ளே போனது.
ஊசியைத் தேய்த்து மெழுகி
சீறிப்போன டிஸ்க்கையும் மாற்றினேன்.
அதில் பட்ட என் விரல் பிசுக்கை
இரண்டு முறை துடைத்தேன்.

இடப்பக்கம் நாற்பது நிமிடம்.
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சக்கரங்களை மாட்டி இறக்கி
உள்ளே ஏறி பிரேக்கை மிதித்தேன்.
கால் தரைவரைக்கும் போனது.
அங்கே எதுவும் இல்லை.
அப்படித்தான் இருக்கும் என்று படித்திருந்தும்
வயிறு ஒரு கணம் காலியானது.
மறுபடி மிதித்தேன். மறுபடி.
நாலாவது மிதிக்கு
கீழிருந்து ஏதோ ஒன்று என் பாதத்தை எதிர்த்து நின்றது.

ஆயோஸ் துறைமுகச் சாலையில் ஆளில்லை.
அறுபதில் போய் நிறுத்தினேன், மறுபடி அறுபது, மறுபடி நிறுத்தம்.
புதுப் பட்டையின் கருகல் வாசனை.
கலைமான் எதுவும் குறுக்கே வரவில்லை.
வரும். நவம்பரில் கூட்டமாக வரும்,
விளக்கொளியைப் பார்த்தும் நகராது.

திரும்பி வந்து
கையுறையை எடுக்கப் போய், அங்கேயே விட்டுவிட்டேன்.
ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு ஒட்டினேன்:
தெர்வோலாவில் நிறுத்தி
பின் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்.
ஸ்பானர் டிக்கியில். பத்தொன்பது.
பெயர் போடவில்லை.