ஒண்டுக்குடித்தனம்

எடைமேடை மென்பொருளை எழுதியவர்
மொந்தெவிதேயோவில் கடையைச் சாத்திவிட்டு
எங்கேயோ போய்விட்டார்.
அது விண்டோஸ் தொண்ணூற்றெட்டு தவிர
வேறெந்த வீட்டிலும் கை நனைக்காது.

என் மேசைக்கடியில் இருப்பதோ
கூட்டுறவுச் சங்கம் கழித்துக்கட்டிய பெட்டி.
மூன்று ஜிபி நினைவகம்,
பக்கப்பலகை கிடையாது,
மூடினால் மூச்சு முட்டும் அதற்கு.
மாத்தே குடிக்கும் வெந்நீர்க் குடுவையை
எட்டவே வைத்திருக்கிறேன்.

அதற்குள் ஒரு மெய்நிகர் இயந்திரம் வைத்தேன்.
கூடுவிட்டுக் கூடு பாய்ந்தது என்று
பெரிதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.
ஒண்டுக்குடித்தனம், அவ்வளவுதான்.
இருநூற்றைம்பத்தாறு எம்பியில் ஓர் அறை.
எட்டு ஜிபியில் ஒரே ஒரு கோப்பு,
அதைத் தன் சொந்த வட்டு என்று
நம்பிக்கொண்டிருக்கிறது உள்ளே இருப்பது.
வீட்டுக்காரன் இருமினால்
இங்கே அம்புக்குறி தவிக்கும்.
ஒன்பது ஊசிக் கம்பி வழியே வரும்
ஓர் எண்தான் அதற்கு வெளியுலகம்.

பயாஸில் ஒரு 'இல்லை'யை 'ஆம்' ஆக்க
மூன்று நாள் பிடித்தது எனக்கு.

உரிமம் வேறு
இரண்டாயிரத்து நான்கோடு முடிந்துபோயிற்று.
ஆகவே உள்ளே
அந்த வருஷத்து ஏப்ரல் பதினான்கை
ஆணியடித்து மாட்டியிருக்கிறேன்.
தினமும் காலை ஆறு மணிக்கு
சேமித்த நிலைக்குத் திரும்பு என்பேன்.
நேற்று ஏறிய லாரி எதுவும் நினைவில்லாமல்
புதன்கிழமையாக எழுந்திருக்கும்.
நினைவு வைத்துக்கொள்வது என் நோட்டுப்புத்தகம்.
அச்சாகும் சீட்டில் தேதியை அடித்துவிட்டு
நடப்புத் தேதியைப் பேனாவால் எழுதுவதும் நான்.

சோயா அறுவடை.
யங் ஊர்ச் சாலைவரை இருபத்து மூன்று லாரிகள்.
பதினோரு மணிக்கு ஒரு நினைவகச் சில்லு செத்தது.
கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து,
ஊதி, திரும்பச் செருகினேன்.
செத்தது செத்ததுதான்.
வானொலியை நிறுத்தினேன்.
உலாவியை மூடினேன்.
பின்னணியில் இருந்த கடற்கரைப் படத்தையும் எடுத்தேன்.
வீட்டுக்காரனைப் பட்டினி போட்டு
குடியிருப்பவனுக்குச் சோறு.
அப்படியும் உள்ளே கடிகாரம்
நொண்டி நொண்டி நடந்தது.
வெளியே ஹாரன்கள் என் பேரைச் சொல்லின,
நிபியா, நிபியா.

எட்டாவது வண்டி வில்மார் பெந்தங்கோர்.
ஜன்னலில் முழங்கையூன்றிச் சீட்டைப் படித்தார்.
பேனாவை எடுத்தேன்.
"இரு" என்றார்.
"இந்தத் தேதியில் நான் மயோர்க்காவில்
ஓட்டல் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.
இந்தக் காகிதம் சொல்கிறது
இருபத்தெட்டு டன் சோயாவோடு
இங்கேதான் நின்றேன் என்று."

பின்னாலிருந்த லாரி ஹாரனை அழுத்தியது.

"அந்த ஏப்ரலில்தான் என் மகள்
நடக்கப் பழகினாள்.
போனில் சொன்னார்கள்."

சட்டப்படி இது சரியில்லை.
கார்பன் நகலை முதலில் கிழித்து அவரிடம் கொடுத்தேன்.
பிறகு மேல்தாளில் மட்டும்
தேதியை அடித்தேன்.
ஒன்றும் சொல்லாமல்
வெயில்மறைப்புக்குப் பின்னால் அதைச் செருகிக்கொண்டு
கியரை மாற்றினார்.

அடுத்த வண்டி ஏறியது.
மேடை நடுங்கி அடங்கியது.
கம்பி வழியே எண் புறப்பட்டது.
உள்ளே இன்னும் போய்ச் சேரவில்லை.
திரையில் மணற்கடிகாரம்.
நான் மாத்தேயில் வெந்நீர் ஊற்றிக்கொண்டேன்.