சேதம், அளவுக்கு ஒரு நாணயம்

என் படங்களை யாரும் சட்டம் போட்டு மாட்டியதில்லை.
ரியேக்கா துறைமுகத்தில்
நசுங்கிய கன்டெய்னர்களை எடுப்பது என் பிழைப்பு.
நனைந்த காப்பி மூட்டை, வாய் பிளந்த சிமென்ட் பை,
கடல் குடித்த மெத்தை,
ஒருமுறை
பாதி உலகம் சுற்றி வந்த பியானோவின் முறிந்த கால்.
காப்பீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள்,
கையெழுத்திடுவார்கள், மறப்பார்கள்.

நேருக்கு நேர் நின்று எடுத்தால்
நசுங்கல் தான் இல்லவே இல்லை என்று சாதிக்கும்.
உச்சிவெயில் அதற்குப் பொய்ச்சாட்சி.
டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் படுக்கவைத்து
வெளிச்சத்தைத் தரையில் பந்து உருட்டுவதுபோல
உருட்டிவிட வேண்டும்.
அப்போதுதான் பள்ளம்
விழுங்கிய நிழலைக் கக்கும்.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு
இரண்டு குளிர்காலங்கள் ஆயின,
தோற்றுப்போன ஒரு வழக்கும்.

அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயம் வைப்பேன்.
தொடங்கியபோது தினார்.
அந்த நாடே போயிற்று,
நாணயம் என் கோட்டுப்பையில் தங்கிவிட்டது.
பிறகு சூரைமீன் பொறித்த இரண்டு குனா.
இப்போது மரநாய் பதுங்கும் ஒரு யூரோ.
எந்தக் கொடி ஏறியபோதும்
பள்ளங்கள் எழுந்து நிற்கவில்லை.

சுருளுக்கு முப்பத்தாறு படம் என்றிருந்த காலத்தில்
முப்பதைத் தாண்டியதும் விரல் கஞ்சத்தனம் பழகும்.
இன்று ஒரு காலைக்குள் எண்ணூறு.
அதற்காக ஒப்பாரி வைக்கமாட்டேன்.
இருட்டறையின் ரசாயன வாடை
என் நகத்தில் இருந்தது, ரொட்டியில் இருந்தது,
ட்ராசெனின் தலையணையிலும் இருந்தது.
ஒழியட்டும்.
கிரேன் உச்சிக்கு இப்போது ட்ரோன் போகிறது,
போகட்டும்.
மலையிலிருந்து ‘புரா’ காற்று இறங்கும் நாட்களில்
அது பெட்டியைவிட்டு வெளியே வராது.
அன்றைக்கு மட்டும் நான் ஏறுகிறேன்,
படிக்கு ஒரு வசவாக.

போன மாதம் நிக்ஷா,
ஏஜென்ட் அலுவலகத்துப் பையன்,
அவசரத்தில் தன் கைபேசியிலேயே
நான்கு கன்டெய்னர்களை எடுத்து அனுப்பிவிட்டான்.
எல்லாம் கண்ணாடிபோல வழவழவென்று.
கைபேசி தன் இஷ்டத்துக்கு
நசுங்கலை நீவிவிட்டிருந்தது,
கீறலைப் பூசி மெழுகியிருந்தது.
‘சேதம் எங்கே?’ என்று கேட்டுத் திரும்பி வந்தது கோப்பு.
‘நெவெங்கா, கொஞ்சம் வர முடியுமா?’
போனேன்.
டார்ச். நாணயம். மண்டியிடுவதற்கு ஒரு சாக்கு.
மதியத்துக்குள்
நான்கு பெட்டிகளும் வாக்குமூலம் கொடுத்துவிட்டன.

சரிசெய்யத் தெரிந்த கருவிகள் பெருத்துவிட்ட ஊரில்
சரிசெய்யாமல் இருப்பதற்குக்
கூலி வாங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வொலோஸ்கோ படகுத்துறையில்
ட்ராசென் என்னை ஒரு படம் எடுத்தான்.
பொரித்த மீன், பின்னால் கடல், ஐம்பத்தெட்டு வயது.
‘எவ்வளவு அழகாய் வந்திருக்கிறாய் பார்’ என்றான்.
பார்த்தேன்.
தாடையில் இருந்த தழும்பைக் காணோம்.
தொண்ணூற்றெட்டு நவம்பரில்
சரக்கு கட்டிய கம்பி அறுந்து,
கேமராவையும் என்னையும் சேர்த்து அடித்தது.
கேமரா பிழைக்கவில்லை.
படத்தில் மீன் சாப்பிடும் அந்தப் பெண்ணின்மேல்
எந்தக் கம்பியும் அறுந்து விழுந்ததில்லை.
நல்லவளாகத்தான் தெரிந்தாள்.
எனக்குப் பழக்கமில்லை.

இரவு குளியலறை விளக்கை அணைத்தேன்.
டார்ச்சைக் கன்னத்தோடு சாய்த்துப் பிடித்து
தாடையோரம் ஒரு யூரோவை ஒட்டவைத்து,
என் பழைய கேமராவை அவன் கையில் கொடுத்து
‘எடு’ என்றேன்.
சிரித்தான். கை ஆடியது.
முகம் ஆடியது, நாணயம் ஆடியது,
மரநாய் இரண்டு வாலோடு விழுந்திருக்கிறது.
தழும்பு மட்டும், எப்படியோ,
மயிரிழை பிசகாமல்.

மறுநாள் நிக்ஷாவிடம் காட்டி
இதற்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன்.
தேதியைக் கேட்டான்.
தலையாட்டினான்.
காலம் கடந்த கோரிக்கை, என்றான்,
இருந்தாலும் படம் தெளிவு.